நாலாவது அடியில் திரும்பிப் பார்க்கிறவன்

முதல் விமர்சனம் வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வந்தது. பத்துக்கு ஐந்து. புதுக்கடை ஜங்ஷனில் பால் வாங்க நின்ற இடத்தில் ஜெனித் அதை ஃபோனில் படித்தான். படித்து முடித்தவன் பாலை மறந்து பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

மூன்று வருட உழைப்பு. திருவனந்தபுரத்தில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் அவனுக்கு வேலை; அந்த உழைப்பு முடிந்து லீவில் ஊருக்கு வந்திருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் உருவாக்கும் வீடியோ கேம்களில் வருகிறவர்களை நடக்கவும் ஓடவும் விழவும் வைப்பது இவர்கள் பாடு. கடைசியாக வந்தது 'கார்ப்ஸ் கார்னிவல்' என்ற ஜாம்பி கேமின் இரண்டாம் பாகம். ஒரு கடற்கரை நகரத்தில் செத்தவர்களெல்லாம் எழும்பித் தெருத்தெருவாக அலைவார்கள். விளையாடுகிறவன் நினைத்த தெருவில் நுழைந்து, குடை, மீன்கூடை, ஐஸ்கிரீம் வண்டி என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு அவர்களைச் சாத்தலாம். சாத்துகிறவனுக்குச் சிரிப்பு வர வேண்டும், அதுதான் இந்த கேமின் சமாச்சாரம். முதல் பாகம் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டது.

இரண்டாம் பாகத்தைச் சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நகரம் நான்கு மடங்கு பெரிதாகியிருக்கிறது, அதில் செய்வதற்கு அதே பழைய நான்கு வேலைகள்தான் என்றது ஒரு ஆங்கிலப் பத்திரிகை. ஜோக்கைச் சொல்லிவிட்டு நாம் சிரிக்கிறோமா என்று நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றான் இன்னொருவன். சென்னையிலிருந்து தமிழில் விமர்சனம் செய்கிற யூடியூபர் தலையில் கைவைத்துக்கொண்டு, "முதல் பார்ட்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். இத ஆடுறப்போ, அன்னைக்கு எதுக்குடா சிரிச்சோம்னே சந்தேகமா இருக்கு" என்றான். குறை சொல்லவென்றே பிறந்தவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஜெனித்துக்கு அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யாகத் தெரியவில்லை. வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அந்த நகரத்தில் ஒரு ஜாம்பி இருக்கிறான். இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். இடது கால் தரையை விட்டு எழும்பாது, அரைவட்டம் போட்டு இழுபட்டு வரும். நாலு அடி வைத்ததும் நிற்பான். வலது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பான். எல்லாம் சரிதான் என்பதுபோல் ஒரு தலையாட்டல். அப்புறம் அடுத்த நாலு அடி. 'இந்தக் குப்பைமேட்டில் சிரிப்பு மூட்டுகிற ஒரே ஜீவன் இவன்தான்' என்று எழுதினார்கள். ஐந்து மார்க் கொடுத்த அந்த முதல் ஆளே, அவனை அடிக்க மனம் வராமல் இருபது நிமிடம் அவன் பின்னாலேயே போனேன், அவன் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று எழுதியிருந்தான்.

அந்த நடை ஜெனித் செய்தது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆபீஸிலிருந்து சஃப்னா கூப்பிட்டாள். தேங்காப்பட்டணத்துக்காரி, அவனுக்கு மேலதிகாரி.

"பாத்தியா ஜெனித்? எல்லாருக்க வேலையையும் குப்பைன்னுட்டான். ஒனக்க ஆள மட்டும் தலையில தூக்கி வச்சு ஆடுதான்."

"பாத்தேன்கா."

"அதுக்கு ரெஃபரன்ஸ் வீடியோ நீயே நடந்து எடுத்ததுதான?"

"நாந்தான்கா நடந்தேன்."

பொய். அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த நடையைச் செய்வதானாலும் முதலில் அனிமேட்டரே நடந்து அதை வீடியோ எடுப்பான். பிறகு அதைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவாகப் பார்த்து உருவத்துக்கு ஏற்றுவான். ஜெனித் அப்படித் தானே இழுத்து இழுத்து நடந்து அனுப்பிய ஒன்பது நடைகளும் 'சிரிப்பு வரவில்லை' என்று திரும்பி வந்தன. பத்தாவதாக அவன் அனுப்பியது அப்பாவின் நடை.

அப்பா யேசுரத்தினம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முப்பத்தொரு வருடம் களியக்காவிளை வழித்தடத்தில், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தவர். நாலு அடி வைப்பார், நிற்பார், டிக்கெட் எடுக்காமல் நைசாக உட்கார்ந்திருப்பவன் எவன் என்று தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சந்தையில் நடந்தாலும் நாலாவது அடியில் பார்வை பின்னால் போகும். "இஞ்ச ஆரு டிக்கெட் எடுக்கணும்?" என்று அம்மா நேசபாய் கேலி செய்வாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கத்தைச் சாய்த்தது. பேச்சு தப்பித்தது. பிசியோதெரபி செய்ய வந்த ரெனிஷா, பயிற்சி எப்படிப் போகிறது என்று பார்க்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் நடக்கிற வீடியோ கேட்டாள். கிணற்றடியிலிருந்து வாசல் கேட் வரை அவர் நடப்பதை ஜெனித்தான் எடுத்து அனுப்புவான். எழுந்து நடக்க ஆரம்பித்த நாலாவது வாரத்து வீடியோ அது. ஆபீஸில் உட்கார்ந்து அதை ஓடவிட்டு, பாதம் எழும்ப மறுக்கிற இடத்தையும், விழுந்துவிடுவோமோ என்று தோள் ஒரு கணம் உயர்கிற இடத்தையும் ஒன்று விடாமல் நகலெடுத்தான். அந்த உயரும் தோள்தான் பார்க்கிறவர்களுக்குப் பெரிய சிரிப்பு என்று பிற்பாடு தெரிந்தது. பச்சை முகமும் கிழிந்த சதையும் போட்டு மூடின பிறகு அது யார் என்று எவன் கண்டுபிடிக்கப்போகிறான் என்று அவன் நினைத்தான். அவன் முட்டாள் இல்லை, அவசரத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

இதற்கிடையில் யேசுரத்தினம் நன்றாகவே தேறினார். அவருக்கு ஒரு குறி இருந்தது. சபைக் கோயிலில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளையில் விளைந்ததைச் சுமந்து, நடுப்பாதை வழியாக நடந்து போய்ப் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே எல்லாம் ஏலம் போகும். போன வருடம் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்ததும் விளையில் நாற்காலியைப் போடச் சொல்லி, தன் கண்முன்னால் ஒரு மட்டி வாழைக் கன்றை வைக்கச் செய்தார். "அடுத்த வருசம் இந்தக் குலைய எனக்க தோளுல வச்சு நானே கொண்டு போவேன். ஒருத்தனும் எனக்க கையப் பிடிக்கப்பிடாது" என்றார். அதற்காகவே நடந்தார். கால் வராத நாளிலும், காய்ச்சல் வந்த நாளிலும் நடந்தார்.

"இத மட்டும் விட்டுராதீங்க மாமா" என்று ரெனிஷா சொல்லிக்கொண்டே இருப்பாள். "ஒரு மாசம் உக்காந்திட்டியன்னா இந்தக் கால் பொறவு வராது."

வாழை குலை தள்ளி முற்றியிருந்தது. விமர்சனம் வந்த அன்று பண்டிகைக்குப் பத்து நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெனித்தின் முகத்தைப் பார்த்து நேசபாய், "என்ன மக்களே, வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

"கேமுல ஒரு நடை செஞ்சேன்மா. உலகம் பூரா அதப் பாராட்டி எழுதியிருக்கான்."

"எனக்கும் அனுப்பு, பாக்கட்டு."

யோசிக்காமல் அந்தச் சென்னை யூடியூபரின் வீடியோவை அனுப்பிவைத்தான். அவள் பச்சை முகத்தைக் கண்டதும், "ஏசுவே, இது என்ன கோலம்" என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்குமேல் பார்க்கவில்லை. ஆனால் பெற்ற மகனைப் புகழ்ந்ததைச் சும்மா விட முடியுமா? அந்தச் சபையில் பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும், ஆபரேஷன் நல்லபடி முடிந்தாலும், பஸ் விபத்தில் தப்பித்தாலும் ஒரு கவரில் காணிக்கை வைத்து மேலே காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள், பீடத்திலிருந்து அதை வாசிப்பார்கள். நேசபாயும் எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைச் செயலர் ஆபேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "யேசுரத்தினம் நேசபாய் குடும்பத்தார், மகன் ஜெனித் செய்த நடைக்கு உலக அளவில் கிடைத்த பாராட்டுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திர காணிக்கை செலுத்துகிறார்கள்."

ஜெனித் பாட்டுப்புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அதோடு போகவில்லை. அது என்ன நடை என்று நாலு பெண்கள் வந்து கேட்க, நேசபாய் அந்த வீடியோவை ஆபேலுக்கு அனுப்பினாள். ஆபேல் பெருமையோடு அதைச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். முந்நூறு குடும்பம் இருக்கிற குரூப் அது. ஆராதனை முடிந்து ஜனங்கள் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வாலிபர் ஐக்கியத்து ஸ்டெனி ஓடிவந்தான். "அண்ணா, கலக்கிட்டிய" என்று கைகொடுத்தான். பிறகு அவன் பார்வை, ஆட்டோ வரட்டும் என்று வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த யேசுரத்தினத்தின் மேல் போனது. ஃபோனைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். அவன் வாய் மெல்ல விரிந்தது. "அண்ணா, இது..." என்றவன் முடிக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்ற வாலிபர்கள் நின்ற பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் யேசுரத்தினம் கேட்டார். "நீ என்னமோ நடை செஞ்சன்னு வாசிச்சானே, அது என்ன மக்களே?"

"சும்மா கேமுல ஒரு ஆளு நடக்கதுப்பா."

"நல்லா நடக்கானா?"

"நல்லா நடக்கான்."

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கில்லா? அது போரும்."

அவரிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதுதான் ஜெனித்துக்கு ஒரே ஆறுதல். அன்று மத்தியானமே ஆபேலைக் கூப்பிட்டு அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னான். "எதுக்குடே? சபைக்குப் பெருமைல்லா" என்றார் ஆபேல். ரொம்பவும் கெஞ்சின பிறகு எடுத்தார். ஆனால் அதற்குள் அது எத்தனை ஃபோனுக்குப் போயிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஒரு வாரத்தில் அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம், செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார், ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பார், பண்டிகைக்கு வேறு ஆராதனை நேரத்தில் போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் அவன் முற்றத்துக்கு வருவான். அவர் மணல் கட்டிய சாக்கை வலது தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கும் கேட்டுக்கும் நடந்து பழகிக்கொண்டிருப்பார். இப்போது இடது கால் நன்றாக எழும்பியது. நாலாவது அடியில் மட்டும் பழைய வழக்கப்படி நின்று பின்னால் பார்ப்பார். அங்கே ஜெனித் நிற்பதைக் கண்டால், "டிக்கெட் எடுத்தியாலே?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? கோழைகளுக்கு இப்படி ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை சஃப்னா மறுபடி கூப்பிட்டாள். கேம் விற்கவில்லை. வெளிநாட்டுக்காரன் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டான். "ஒனக்க ஆளுக்கு மட்டும் ஒரு குடும்பம் வேணுமாம். பெஞ்சாதி, பிள்ளைய எல்லாம் சேத்து ஆறு பேரு. எல்லாரும் அதே மாதிரி நடக்கணும். வீடியோ எடுத்துருவியா?"

"திங்கக்கிழம பேசுகேன்கா" என்று வைத்துவிட்டான்.

பண்டிகை அன்று கோயில் நிரம்பி வழிந்தது. பலாப்பழமும் தேங்காயும் கால் கட்டிய கோழியுமாக ஜனங்கள் நடுப்பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யேசுரத்தினம் வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு, மட்டிக் குலையை வலது தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "ஏட்டி, நீ பின்னால வா. பிடிக்காத" என்று நேசபாயிடம் சொன்னார். ஜெனித் அவளுக்கும் பின்னால் நின்றான்.

முதல் அடி. இரண்டு. மூன்று. நாலு. நின்றார். குலையோடு சேர்த்துத் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"அம்மா, ஜாம்பி!" என்று ஒரு குழந்தை சத்தமாகச் சொன்னது.

வாலிபர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் 'புஸ்' என்று ஒரு சிரிப்பு வெடித்தது. அதை அடக்கப் பார்த்ததில் அது இன்னும் பெரிதாகி அடுத்த பெஞ்சுக்குப் போனது. யாரோ பெரியவர் அதட்டினார். அதட்டினவருக்கும் உதடு துடித்தது. யேசுரத்தினத்துக்குப் புரியவில்லை. தான் நடந்துவிட்டதைக் கண்டுதான் ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் சிரித்தார். எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலும் கேமில் இருந்தது. சிரிப்பு கோயில் முழுக்கப் பரவியது.

அவர் திரும்பி நடந்தார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நின்றார், பார்த்தார்.

கடைசி வரிசையில் ஸ்டெனி எழுந்து நின்றிருந்தான். இடது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. அவர் திரும்பிய அதே நொடியில் அவனும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

யேசுரத்தினம் அவனையே பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. பிறகு அவர் பார்வை ஜெனித்தைத் தேடி வந்தது. ஜெனித் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்திருக்க வேண்டாம். அந்தக் குனிந்த தலையில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது.

ஒன்பதாவது அடிக்கு இடது கால் எழும்பவில்லை. குலை தோளிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, காய்கள் பிய்ந்து பெஞ்சுகளுக்கு அடியில் சிதறின. சிரிப்பு சட்டென்று நின்றது. ஜெனித் ஓடிப்போய் அவரைப் பிடித்தான். இந்த முறை அவர் பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முழு பாரத்தையும் அவன்மேல் போட்டுவிட்டார். போதகர் அங்கியோடு இறங்கி ஓடிவந்தார். பீடத்துக்கு இன்னும் பத்து அடி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேசபாய் ஃபோனை எடுத்து அந்த வீடியோவை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். "இது அப்பாவா?" என்று கேட்டாள். அவன் ஆமென்று தலையசைத்தான். அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். "இதுக்கா நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேதப்புத்தகமோ பாட்டுப்புத்தகமோ எதுவும் தேடாமல் வெறுங்கையோடு அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"காட்டு" என்றார் யேசுரத்தினம்.

"வேண்டாம்ப்பா."

"காட்டுலே."

லேப்டாப்பை அவர் மடியில் வைத்து கேமைத் திறந்தான். கடற்கரைத் தெரு. வெயில். தூரத்திலிருந்து அவன் வந்தான், இழுத்து இழுத்து, நாலு அடிக்கு ஒருமுறை நின்று. யேசுரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிக்கெட் சரிபார்க்கிற நிதானத்தோடு பார்த்தார்.

"இது நாலாவது வாரம்" என்றார்.

ஜெனித் லேப்டாப்பை மூடக் கை நீட்டினான், அவர் தடுத்தார்.

"நான் இப்ப இதவிட நல்லா நடக்கேன்லா?"

"ஆமாப்பா. எவ்வளவோ நல்லா நடக்கிய."

"இவன் எங்க போறான்?"

"எங்கயும் போவல்லப்பா. சும்மா நடந்துட்டே இருப்பான்."

"அடிச்சா சாவானா?"

"விழுவான். பொறவு எழும்பி நடப்பான்."

"களைக்காதா?"

"களைக்காதுப்பா."

அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முடிந்து வேறொரு தெரு வந்தது, அதுவும் முடிந்தது. ஒரு கட்டத்தில் கண்ணாடியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார்.

"அப்ப அவனே நடக்கட்டு மக்களே. எனக்குப் போரும்."

கோபத்தில் சொல்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஜெனித் நினைத்தான். செவ்வாய்க்கிழமை ரெனிஷா வந்து கெஞ்சினாள். போதகர் வந்து ஜெபித்தார். ஸ்டெனியை அவன் அப்பா இழுத்துக்கொண்டு வந்து காலில் விழவைத்தார். யேசுரத்தினம் எல்லாரிடமும் நல்லபடியாகவே பேசினார், டீ கொடுக்கச் சொன்னார், நாற்காலியை விட்டு மட்டும் எழும்பவில்லை. ஆறு பேர் குடும்பத்தை ஜெனித் செய்ய மறுத்துவிட்டான். வேறு யாரோ அவன் செய்த நடையைப் பார்த்து ஆறு பேருக்கும் செய்து கொடுத்தார்கள். அது பிற்பாடு வந்தபோது விமர்சகர்கள் முதல் தடவையாகப் பத்துக்கு எட்டு கொடுத்தார்கள்.

பண்டிகை முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஜெனித் அவரை இரண்டு கையாலும் தூக்கிக் கிணற்றடியில் நிறுத்தினான். இடது பாதம் தரையோடு கிடந்தது. அவர் முயற்சி செய்யவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "டிக்கெட் எடுத்தாச்சுப்பா, வாங்க" என்று அவன் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.